எழுபத்தாறாம் வருஷத்து வண்டி

பையை மேல வைக்க வேணாம் தம்பி, மடியிலயே வெச்சுக்கறேன். உடையற சாமான் ஒண்ணும் இல்ல. ஒரு சைக்கிள் பெல்லு, ஒரு போட்டோ, ஒரு தீப்பெட்டி, ஒரு டேப்பு. அவ்ளோதான். இருந்தாலும் சாமான் என் கையை விட்டுப் போனா எனக்கு இருப்புக் கொள்ளாது. மில்லுல ஸ்டோர் பாத்தவன் நான். ஸ்டோர் ரபேல்னு பாண்டிச்சேரியில கேட்டுப் பாருங்க, வயசானவங்க யாராவது சொல்லுவாங்க.

நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. பாப்பா தூங்கட்டும். விழுப்புரம்தானே? நானும் விழுப்புரம்தான். பழைய இரும்புக் கடைக்குப் போறேன். ஆமா, இந்த வெயில்ல, பழைய இரும்புக் கடைக்கு. சிரிக்கணும்னா சிரிங்க, என் வீட்டுக்காரியே சிரிக்கறா. ஒரு கேரியரைத் தேடிப் போறேன். சைக்கிள் கேரியர். கடையில புதுசாத் தொங்குதே, அது ஆகாது. துருப்பிடிச்சது, வலப்பக்கத்துக் கம்பி ஒண்ணு வளைஞ்சது, அதுதான் வேணும். எனக்கு வயிறு எரியுது தம்பி. யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்னன்னு.

எனக்கு ஒரு அண்ணன். இஞ்ஞாசின்னு பேரு. சொல்தா. சொல்தான்னா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு, எங்க ஊர்ல அப்படித்தான் சொல்றது. அங்க சர்வீஸ் முடிச்சு எழுபத்தாறுல பென்ஷனோட வந்தாரு. மத்த சொல்தாவெல்லாம் வந்தா ரேடியோ கொண்டாருவாங்க, சென்ட்டு கொண்டாருவாங்க, கம்பளிக் கோட்டு கொண்டாந்து சித்திரை மாசத்துல போட்டுக்கிட்டு திரிவாங்க. எங்க அண்ணன் ஒரு சைக்கிள் கொண்டாந்தாரு.

நீங்க நெனைக்கற சைக்கிள் இல்ல. பந்தய வண்டி. மிராபெல்னு பேரு. கம்பெனி இப்ப இல்ல, எப்பவோ மூடிட்டாங்க. ஆட்டுக்கொம்பு மாதிரி கீழ வளைஞ்ச ஹேண்டில்பார், ஹேண்டில்லேர்ந்து பெடலுக்குச் சாய்வா எறங்கற பைப்புல ரெண்டு கியர் லீவர், விரல் மொத்தத்துக்கு டயர். கலர் நீலம். நீலம்னா நீங்க நம்ம ஊர் நீலத்தை நெனச்சுக்குவீங்க. அது இல்ல. சாம்பல் கலந்த நீலம், வெயில்ல ஒண்ணு காட்டும், நெழல்ல ஒண்ணு காட்டும். ஒரு கையில தூக்கலாம் அந்த வண்டியை.

எனக்கு அப்பப் பதினெட்டு வயசு. காலையில எந்திரிச்ச உடனே என் வேலை அந்த வண்டியைத் தொடைக்கறது. மூஞ்சி கழுவறதெல்லாம் அப்பறம். ஒரே ஒரு தடவை அண்ணன் எங்கிட்ட குடுத்தாரு. கடற்கரை ரோட்டுல, காலையில. பெடலை ஒரு அழுத்து அழுத்தினேன், தம்பி, வண்டி என்னை விட்டுட்டுப் போயிடும் போல இருந்துச்சு. அதுக்கப்பறம் நான் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கேன், காரு ஓட்டியிருக்கேன். அந்த மாதிரி ஒண்ணும் வரல. ஒரே தடவைதான். அடுத்த தடவை கேக்கறதுக்குள்ள அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.

பாப்பா காலு ஜன்னல் கம்பியில இடிக்கப் போவுது பாருங்க. கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க. அது கெடக்கட்டும், பாவம், நல்ல தூக்கம்.

அண்ணி காரைக்கால். பெலிசின்னு பேரு. நல்லவங்கதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவங்க வந்த பின்னாடிதான் அந்த வண்டிக்குக் கெட்ட காலம் ஆரம்பிச்சுது. ஒரு நாள் மில்லுலேர்ந்து வர்றேன், வாசல்ல வெல்டிங்காரன் உக்காந்திருக்கான். வண்டியைத் தலைகீழா நிறுத்தி, பின்னாடி கேரியர் வெச்சுப் பத்தவைக்கறான். நம்ம ஊர் கேரியர் தம்பி, அரிசி மூட்டை வைக்கறது. எனக்கு அழுகை வந்துடுச்சு. மில்லுல வேலை பாக்கற பையன், தெருவுல நின்னு அழுதேன். "ஏண்ணே, இதைப் போயி இப்படிப் பண்றீங்களே"ன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. "அப்பறம் உங்க அண்ணி எங்கடா உக்காருவா?"ன்னாரு.

அதோட நின்னாரா? நிக்கல. கொம்பு ஹேண்டில்பார் முதுகு வலிக்குதுன்னு அறுத்து எறிஞ்சுட்டு நம்ம ஊர் நேர் ஹேண்டில். தோல் சீட்டை எடுத்துட்டு ஸ்பிரிங் சீட்டு. மார்க்கெட்டுல நிறுத்தணும்னு ஸ்டாண்டு. மழைக்கு மட்கார்டு. பெயிண்ட்டு அங்கங்க உரிஞ்சுதுன்னு வீட்டு கேட்டுக்கு அடிச்சது போக மிச்சம் இருந்த பச்சையை எடுத்து, பிரஷ்ஷால, கொளுத்தி வெச்ச சுருட்டை வாயில கடிச்சுக்கிட்டே அடிச்சாரு. கேட்டும் பச்சை, வண்டியும் பச்சை. நான் ஒரு வாரம் அவரோட பேசல.

அப்பறம் நதாலி பொறந்தா. அண்ணன் பொண்ணு. ஒரே பொண்ணு. அவ உக்கார பார்ல ஒரு சின்ன சீட்டு, செவப்பு ரெக்ஸின் போட்டு. அதுல உக்கார வெச்சுத்தான் இஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. பின்னாடி அண்ணி, முன்னாடி பொண்ணு. பந்தய வண்டி தம்பி அது. மாட்டு வண்டி ஆக்கிட்டாரு. ஒரு நாள் பொண்ணு காலை முன்சக்கரத்துல விட்டுக்கிட்டா. குதிகால்ல சதை பிஞ்சு தொங்குது. ஆஸ்பத்திரி, தையல், எல்லாம் ஆச்சு. நாலு வயசு அப்ப. அதுக்கப்பறம் அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா? சாய்வுப் பைப்புல, கியர் லீவருக்குக் கீழ, இந்தப் பக்கம் ஒரு இரும்புக் கட்டை, அந்தப் பக்கம் ஒரு இரும்புக் கட்டை, பொண்ணு கால் வெச்சுக்கறதுக்கு. பத்தவெச்சே வெச்சுட்டாரு. அந்தப் பைப்பு எவ்ளோ மெல்லிசு தெரியுமா? அதுல போயி தீயை வைக்கலாமா? யாராவது வைப்பாங்களா?

கண்டமங்கலம் தாண்டிட்டோமா? தாண்டிட்டோம். சரி.

போன வருஷம் அண்ணன் தவறிட்டாரு. எண்பத்திரெண்டு வயசு. போறதுக்கு முந்தின மாசம் வரைக்கும் அந்த வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போனாரு. கூடையை ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு. அடக்கம் எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு அண்ணி என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, வண்டி டயர் எறங்கிக் கெடக்குது. வருஷத் திவசத்துக்கு நதாலி வர்றா. அப்பா வண்டியிலதான் கல்லறைக்குப் போவேங்கறா. அதைக் கொஞ்சம் ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க"ன்னாங்க.

இத்தனை வருஷம் கழிச்சு அந்த வண்டி என் கைக்கு வருது. நான் சொன்னேன், "அண்ணி, கவலைப்படாதீங்க. பிரான்ஸ்லேர்ந்து எறங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கித் தர்றேன்"னு. அவங்க "அதெல்லாம் வேணாம் தம்பி, காத்து அடைச்சு பிரேக்கு பிடிச்சாப் போதும்"னாங்க. பெரியவங்க கூச்சத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. நான் விடுவேனா?

எங்கிட்ட ஒரு போட்டோ இருந்துச்சு. அண்ணன் பிரான்ஸ்ல எடுத்தது. ஏதோ ஒரு பாலத்துக்கிட்ட, புது வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. ஒல்லியா, தலைமுடியை ஏத்திச் சீவி, தனி ஆளா. அதுதான் எனக்கு வேதம். அந்தப் போட்டோவுல என்ன இருக்கோ அது வண்டியில இருக்கணும். அதுல இல்லாதது வண்டியில இருக்கக் கூடாது. ஸ்டோர்ல நான் அப்படித்தான். மெஷினுக்கு என்ன பார்ட்டோ அதுதான். அளவு சரியா இருக்குது, இதைப் போட்டுக்கலாம்னு எவனாவது வந்தான்னா வெளிய போன்னுடுவேன்.

ஆனா பட்ட பாடு இருக்கே. மொதல்ல பெடல் அச்சு உக்கார்ற கப்பைக் கழட்டணும். எங்க தெருமுனையில கலியன்னு ஒருத்தன் சைக்கிள் கடை வெச்சிருக்கான், அவனைக் கூப்பிட்டேன். நம்ம ஊர் வண்டியில வலது பக்கத்துக் கப்பு தலைகீழ் மரை. பிரெஞ்சு வண்டியில ரெண்டு பக்கமும் நேர் மரை. அது அவனுக்குத் தெரியல. நம்ம ஊர் வழக்கப்படி ஸ்பேனரைப் போட்டுச் சுத்தறான், சுத்தறான், நகரவே இல்ல. மண்ணெண்ணெய் ஊத்தறான், சுத்தியால தட்டறான், ஸ்பேனர்ல பைப்பை மாட்டி ஏறி நிக்கறான். கழட்டறேன்னு நெனச்சுக்கிட்டு இறுக்கிக்கிட்டே இருந்திருக்கான். நான் வந்து பாத்துட்டுக் கத்தின கத்துல தெருவே கூடிடுச்சு. "ஏண்டா, இவ்ளோ பலம் போட்டும் நகரலன்னா, தப்பான பக்கம் சுத்தறோமோன்னு ஒரு யோசனை வர வேணாமா? பலம் மட்டும் போட்டாப் போதுமா?"ன்னேன். அவன் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். அன்னையிலேர்ந்து என் வண்டிக்குக் காத்துகூட அடிக்க மாட்டேங்கறான். அப்பறம் நானே உக்காந்து கழட்டினேன்.

அடுத்தது சாமான். ஹேண்டில்பார், தோல் சீட்டு, பிரேக்கு, கியரு. பாண்டிச்சேரியில கெடைக்குமா? மெட்ராஸ்ல தேடினேன், பெங்களூர்ல தேடினேன். கடைசியில இன்டர்நெட்ல பிரான்ஸ்ல ஒரு கெழவரைப் பிடிச்சேன். முசியே பெர்த்தோன்னு பேரு, முசியேன்னா நம்ம ஊர்ல ஐயாங்கற மாதிரி. வீடு பூரா பழைய சைக்கிள் சாமான்தான். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுல அவருக்கு எழுதினேன், அவரு பதில் எழுதினாரு. தங்கமான மனுஷன். என்னைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளு. எழுபத்தெட்டுல வந்த பம்பு கிளிப்பு ஒண்ணு அனுப்பட்டுமான்னு கேட்டாரு. வேணாம், எழுபத்தாறு வண்டிக்கு எழுபத்தாறுதான் வேணும்னு எழுதினேன். "நீங்கள் சரியான மனிதர்"னு பதில் போட்டாரு. அந்த மெயிலை என் வீட்டுக்காரிக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேருக்கும் மரை கழண்டு போச்சுன்னா.

பிரேக் பிடியில மாட்டற ரப்பர் மட்டும் தபால்ல அனுப்ப வேணாம்னுட்டேன். நதாலி இருக்கறது பிரான்ஸ்ல, லியோன்ல, அவ வர்றப்ப அவகிட்ட குடுத்து விடச் சொன்னேன். அவ போன் பண்ணிக் கேட்டா, "சித்தப்பா, ஏதோ ரப்பர் வந்திருக்கே, எதுக்கு?"ன்னு. வந்து பாருன்னுட்டேன். சொல்லிட்டா என்ன சுவாரசியம் இருக்கு? கடைசி சாமானை அவ கையாலயே கொண்டாரணும்னு எனக்கு ஒரு ஆசை.

இப்பக் கழட்டின சாமான் இருக்கே. கேரியரு, ஸ்டாண்டு, மட்கார்டு, அந்த ஸ்பிரிங் சீட்டு, செவப்பு ரெக்ஸின் சீட்டு, பெல்லு. எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டுப் பழைய இரும்புக்குப் போட்டேன். வேற என்ன பண்றது? அந்தச் சாக்கு இரும்புக்காரன் வண்டியில ஏறினப்ப எனக்கு இருந்த நிம்மதி இருக்கே, அதைச் சொல்லி முடியாது. எத்தனையோ வருஷத்து அழுக்கு எறங்கின மாதிரி இருந்துச்சு.

பச்சைப் பெயிண்ட்டைச் சொரண்டினேன். அடியில அந்த நீலம் தெரிஞ்சுது பாருங்க, அதை ஒரு துணுக்கு எடுத்துக்கிட்டுப் போயி, கார் பெயிண்ட்டுக்காரன் தலையில உக்காந்து கலக்க வெச்சேன். அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு கட்டை. அதைச் சும்மா வெட்டி எடுத்துட முடியாது, பைப்பு ஓட்டை விழுந்துடும். அரத்தால ராவணும். நானே ராவினேன். மெஷின் வெக்கல. பெரிய அரம், சின்ன அரம், அப்பறம் உப்புக் காகிதம். கை மரத்துப் போச்சு. டாக்டர்கிட்ட போனேன், "இந்த வயசுல என்ன வேலை இதெல்லாம்?"னு திட்டினாரு. ஆனா தடமே தெரியாது தம்பி. கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலும் அங்க ஒரு கட்டை இருந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. அந்த வண்டியில நான் பண்ணின வேலையிலயே அதுதான் பெரிய வேலை.

சரி. நதாலி வந்தா. ரப்பரைக் குடுத்தா, மாட்டினேன். திவசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியை அண்ணி வீட்டுக் கூடத்துல நிறுத்தி, மேல வெள்ளைத் துணி போட்டு மூடி, ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். துணியை எடுத்தேன்.

ரெண்டு பேரும் நின்ன எடத்துலயே நின்னாங்க.

நான் நெனச்சேன், பேச்சு வரலன்னு. வராதுதானே? அப்படி இருந்துச்சு வண்டி. கடையில நிக்கற மாதிரி. நதாலி கிட்ட வந்து முட்டி போட்டு உக்காந்தா. சாய்வுப் பைப்பைத் தடவினா. கட்டை விரலால மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல. ரொம்ப நேரம் தடவினா. பெயிண்ட்டு எவ்ளோ வழவழப்பா இருக்குன்னு பாக்கறான்னு நான் நெனச்சேன். எனக்கு ஒரே பெருமை.

"சித்தப்பா, இங்க ஒரு கட்டை இருந்துச்சே"ன்னா.

"எடுத்துட்டேம்மா. தடமே தெரியல பாத்தியா?"ன்னேன்.

அவ எந்திரிச்சு வண்டியைச் சுத்தி வந்தா. பின்னாடி பாத்தா, முன்னாடி பாத்தா. "அப்பா வண்டி எங்க சித்தப்பா?"ன்னா.

இதுதாம்மா அப்பா வண்டின்னேன். போட்டோவைக் காட்டினேன். இதோ உங்க அப்பா, இதோ அதே வண்டி, அதே நீலம், அதே சீட்டு, எழுபத்தாறுன்னேன். பம்பு கிளிப்பைக்கூடக் காட்டினேன். அவ தலையை ஆட்டினா. "அழகா இருக்கு சித்தப்பா"ன்னா. சொல்லிட்டு உள்ள போயிட்டா. பிரான்ஸ்லயே குடியிருக்கா தம்பி. ஒரு பிரெஞ்சு வண்டியோட அருமை அவளுக்குத் தெரியல. முசியே பெர்த்தோ பாத்திருந்தா அழுதிருப்பாரு.

சரி, சின்னப் பொண்ணு. அண்ணி ஏதாவது சொல்லுவாங்கன்னு பாத்தேன். அவங்க போட்டோவை வாங்கி வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாங்க. "இது நான் வர்றதுக்கு முன்னாடி இருந்த வண்டி தம்பி. எனக்கு இதைத் தெரியாது"ன்னாங்க. கோவமா சொல்லல. யாரோ ஒருத்தர் வீட்டுக்கு வந்தா, இவரை எனக்குப் பழக்கம் இல்லன்னு சொல்லுவோமே, அப்படிச் சொன்னாங்க. அப்பறம், "கழட்டினதெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்னேன். சரின்னுட்டு எனக்குக் காப்பி போட உள்ள போனாங்க.

மறுநாள் கல்லறைக்கு ரெண்டு பேரும் ஆட்டோவுல போனாங்க. ஆட்டோவுல. வண்டி கூடத்துல நிக்குது, டயர்ல காத்து நிக்குது, பிரேக்கு பிடிக்குது, எல்லாம் இருக்குது. நான் அந்த ஆட்டோவுக்குப் பின்னாடி ஸ்கூட்டர்ல போறேன். என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. பூசையில உக்காந்திருக்கேன், சாமியார் என்ன பேசினாருன்னு ஒண்ணும் காதுல ஏறல. ஒரு வருஷ உழைப்பு தம்பி. நான் கேட்டேனா ஏதாவது? ஒரு நன்றி கேட்டேனா? ஏறி ஒரு மிதி மிதிச்சா என்ன? அதுக்குத்தானே கேட்டாங்க?

மதகடிப்பட்டா? ஆமா, காலேஜ் பசங்க ஏறுவாங்க, நெருக்குவாங்க. பாப்பா தலையைப் பிடிச்சுக்கங்க.

அப்பறம் நேத்து. நேத்து மத்தியானம் அண்ணி யார்கிட்டயும் சொல்லாம செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. எழுபது தாண்டினவங்க, முட்டி வலி. நெல்லித்தோப்புல நான் சாக்கைப் போட்ட பழைய இரும்புக் கடைக்கு நடந்தே போயிருக்காங்க. அங்க இரும்புக் குவியல்ல உக்காந்து தேடியிருக்காங்க. கடைக்காரன் எனக்குத் தெரிஞ்சவன், எனக்குப் போன் பண்றான், "ஸ்டோர்காரரே, உங்க அண்ணி இங்க வந்து கையெல்லாம் கிழிச்சுக்கறாங்க, வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு. ஓடினேன். புடவை பூரா துரு. கையில இந்தப் பெல்லு. இதோ, இந்தப் பெல்லுதான். "இது மட்டும்தான் கெடைச்சுது தம்பி"ன்னு என்கிட்டயே காட்டறாங்க. மத்ததெல்லாம் விழுப்புரம் லோடுல போயிடுச்சாம்.

எனக்கு வந்த எரிச்சல் இருக்கே. "என்கிட்ட சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனா அண்ணி? நான் என்ன செத்தா போயிட்டேன்?"னு நடுத்தெருவுல கத்திட்டேன். அவங்க ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து வீடு வரைக்கும் அந்தப் பெல்லை அடிச்சுக்கிட்டே வந்தாங்க. சின்னப் புள்ளையாட்டம். ஒரு தடவை அடிக்கறது, நிறுத்தறது, திரும்பவும் அடிக்கறது. ரோட்டுல போறவனெல்லாம் என்னைப் பாக்கறான்.

அதான் கெளம்பிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லல, அதையும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை நதாலிக்கு பிளைட்டு. அதுக்குள்ள முடிச்சாகணும். இந்த ரபேல் ஒரு வேலையைக் கையில எடுத்துக் குறை வெச்சான்னு யாரும் பேசக் கூடாது. அவங்களுக்கு மாட்டு வண்டிதான் வேணும்னா மாட்டு வண்டியே பண்ணித் தர்றேன். ஆனா சரியாப் பண்ணுவேன். ஏதோ ஒரு கேரியரு, ஏதோ ஒரு சீட்டுன்னு மாட்டறது என்னால ஆகாது. அதே கேரியர் வேணும். வலப்பக்கத்துக் கம்பி வளைஞ்சது. அது எப்படி வளைஞ்சுதுன்னு எனக்குத் தெரியும், சவரியார் கோயில் தேர் அன்னைக்கு அண்ணியும் அவங்க தங்கச்சியும் ரெண்டு பேருமா ஏறி உக்காந்தாங்க.

கலரு பிரச்சனை இல்ல. கேட்டு இன்னும் அதே கேட்டுதான். ஒரு துணுக்கு சொரண்டி எடுத்துட்டேன், இந்தத் தீப்பெட்டியில இருக்குது, பாருங்க. மேல இருக்கறது வெளுத்துப் போச்சு, கீல் மறைவுல இருந்ததுதான் ஒரிஜினல் பச்சை. பெயிண்ட்டு மேஸ்திரிகிட்ட காட்டினேன், பிரஷ்ஷாலதான் அடிக்கணும், ஸ்பிரே பண்ணினா ஒத்துக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.

இதோ இந்தப் போட்டோ. இது நதாலி புதுநன்மை, அதான் கோயில்ல மொத நற்கருணை, வாங்கின அன்னைக்கு எடுத்தது. பின்னாடி சுவத்துல வண்டி சாஞ்சிருக்கு பாருங்க. பச்சை வண்டி தெரியற போட்டோ வீட்டுல தேடித் தேடி இது ஒண்ணுதான் கெடைச்சுது. யாரு சைக்கிளைப் போயி போட்டோ எடுக்கறாங்க? கேரியர் தெரியுது, சீட்டு தெரியுது, ஸ்டாண்டு பாதி தெரியுது. ஆனா இங்க பாருங்க, இவ கவுனு. வெள்ளைக் கவுனு பூவாட்டம் விரிஞ்சு அந்தச் சாய்வுப் பைப்பை அப்படியே மறைச்சிடுச்சு. அந்த ரெண்டு கட்டை எங்க இருந்துச்சுன்னு தெரியல.

அங்கதான் இப்ப என் உயிர் போவுது தம்பி. கேரியர் இன்னைக்குக் கெடைச்சுடும். கெடைக்கலன்னா நாளைக்கு அந்தக் கடைக்காரன் தலைமேல உக்காந்து எடுப்பேன். ஆனா அந்தக் கட்டையை நான் பழைய இரும்புக்குப் போடல. ராவிட்டேன். தூளாப் போச்சு. கூட்டி அள்ளிக் குப்பையில கொட்டியாச்சு. இனிமே புதுசாத்தான் பத்தவைக்கணும். அந்த நீலப் பெயிண்ட்டு மேல தீயை வைக்கணும். வெல்டிங்காரன் வந்துட்டான், ரெடியா நிக்கறான், "எவ்ளோ ஒசரத்துல வைக்கட்டும் சார்?"ங்கறான். நான் என்ன சொல்றது?

நதாலிகிட்ட கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. அவ அம்மாவைப் பாத்தா. "எனக்கு எப்படித் தெரியும் சித்தப்பா? என் காலு எட்டின எடத்துல இருந்துச்சு"ன்னா. சொல்லிட்டு என் கையை எடுத்து அவ கன்னத்துல வெச்சுக்கிட்டா. எதுக்குன்னு எனக்குப் புரியல. அளவு கேட்டா அளவைச் சொல்லணும்.

அண்ணன் அன்னைக்கு அப்படித்தான் அளந்தாரு. பொண்ணைப் பார் சீட்டுல உக்கார வெச்சாரு. குதிகால்ல கட்டு போட்டிருக்கு, அவ துள்றா. "ரபேலு, கொஞ்சம் பிடிச்சுக்கடா"ன்னாரு. நான்தான் அவளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு கீழ உக்காந்து அவ பாதம் எங்க வருதோ அங்க சாக்பீஸால கோடு போட்டாரு. என் கைக்குக் கீழதான் போட்டாரு. நான் பாக்கல. வண்டியை இப்படிப் பாழாக்கறாரேன்னு எனக்கு ஒரே கோவம். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னேன். அங்க ஒரு வாதாமரம் இருந்துச்சு, அதைத்தான் பாத்தேன். அந்த மரத்துல எந்தக் கெளை எந்தப் பக்கம் போச்சுன்னு கேளுங்க, இப்பவும் சொல்லுவேன். கோட்டைப் பாக்கல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை குனிஞ்சு பாத்திருந்தா இன்னைக்குத் தெரிஞ்சிருக்கும்.

கோலியனூர் வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவுக்கு என்ன வயசு? நாலா? நாலு முடிஞ்சுதா, நடக்குதா? முடிஞ்சு ரெண்டு மாசம். சரியா இருக்கு. வயசுக்கு ஏத்த ஒசரம்தானே? பாத்தா அப்படித்தான் தெரியுது. நதாலியும் இப்படித்தான் இருந்தா, ஒல்லி, காலு மட்டும் நீளம்.

நான் தொடல. இந்தாங்க டேப்பு, நீங்களே அளங்க. எழுப்ப வேணாம், செருப்பை மட்டும் மெதுவாக் கழட்டுங்க. உக்கார்ற எடத்துலேர்ந்து முட்டி, முட்டியிலேர்ந்து குதிகால். முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கட்டும், சீட்டுல உக்காந்தா அப்படித்தான் இருக்கும். இறுக்கிப் பிடிக்காதீங்க. எவ்ளோ வருது? இன்னொரு தடவை பாருங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க, இதுல ஒரு நூல்கூடத் தப்பக் கூடாது.

அடடா, முழிச்சுக்கிச்சு. ஒண்ணும் இல்லடா கண்ணு. ஒண்ணும் இல்ல. நீ கால் வெச்சுக்க ஒரு எடம் பாக்கறோம்.